சம்பளம் கூடினால் வாடகையும் கூடுமா?

சிங்கப்பூரில் வாடகை வீட்டுக்காரர்களோடு பழகும் வேலை எனக்கு. எந்தப் புளோக்குக்குப் போனாலும் ஒரு கேள்வி காத்திருக்கும். "தம்பி, சம்பளம் கூடினா வாடகையும் கூடிடுமா?"

கூடும். மறைத்து என்ன பயன்? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஓரறை வாடகை வீட்டில், இதற்குமுன் வீட்டு மானியம் வாங்காத குடும்பத்தின் மாத வருமானம் 800 வெள்ளிக்குள் இருந்தால் வாடகை 26 முதல் 33 வெள்ளிதான். 800ஐத் தாண்டிவிட்டால் 90 முதல் 123 வரை. கேட்டதுமே வயிற்றைக் கலக்குகிறது அல்லவா?

உணவங்காடியில் தட்டு எடுக்கும் ஓர் அண்ணன். அறுபதைத் தாண்டியவர். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம், மாதம் 750 வெள்ளி. கூடுதல் நேரம் பார்த்தால் ஆயிரம் வரும் என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டிருக்கிறார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். காப்பிக்கடையில் உட்கார்ந்து, வீவக கடிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். வாடகை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. அதைப் புதுப்பிக்கும்போதுதான் வருமானத்தைப் பார்ப்பார்கள். அடுத்த மாதமே ஏறிவிடாது. ஏறும்போதும், கூடுதலாக வரும் 250இல் வாடகைக்கு நூறே போகட்டும், மத்திய சேமநிதிக்கும் கொஞ்சம் பிடிக்கட்டும், மிச்சம் கையில்தானே? அண்ணன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கடிதங்களில் வாடகை எவ்வளவு என்று இருக்கிறது, இந்தக் கணக்கு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது இதுதான், அதனால் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைநலன் துணை வருமானம். 2007இல் வந்தது. 30 வயதாகி, மாதம் 500 முதல் 3,000 வெள்ளி வரை சம்பாதிக்கும் சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் சம்பளத்துக்கு மேல் தருவது. அறுபது வயதானவர்களுக்கு ஆண்டுக்கு 4,900 வெள்ளி வரை கிடைக்கலாம். நாற்பது விழுக்காடு ரொக்கம், மீதி மத்திய சேமநிதியில். சம்பளக்காரர்கள் விண்ணப்பிக்கவே வேண்டாம், தானாக வரும்.

ஆனால், இதைக் கவனமாகக் கேளுங்கள், முதலாளி மத்திய சேமநிதி கட்டினால்தான் வரும். "கையில காசு வாங்கிக்க, பிடித்தம் இல்ல" என்று சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பிடித்தம் இல்லையென்று சந்தோஷப்படுகிறவர், முதலாளி கட்டவேண்டிய பங்கையும் இழக்கிறார், இந்தத் தொகையையும் இழக்கிறார். வீடு வாங்கும் ஆசைக்கும் அது இடிக்கும். முதல் வீட்டுக்கான மேம்பட்ட மானியம் குடும்பத்துக்கு 1,20,000 வெள்ளி வரை. அதற்குப் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். கையில் வாங்கிய காசுக்குச் சாட்சி சொல்ல எந்தத் தாளும் இருக்காது.

 

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் துப்புரவு வேலைக்குப் போகிறாரா? சேமநிதி கட்டுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். போகும்போது வாடகைக் கடிதத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.