பாட்டுடைத் தலைவனும் கிளவித் தலைவனும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சங்க அகப்பாடல்களைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். அமெரிக்கக் கிறித்தவப் பதிப்பகங்கள் வெளியிடும் காதற் புதினங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 'இன்ஸ்பிரேஷனல் ரொமான்ஸ்' என்று அங்கே பெயர். நாம் விசுவாசக் காதற்கதை என்று வைத்துக் கொள்வோம். "இதுவும் இலக்கியமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். இலட்சக்கணக்கான பெண்கள் கையிலெடுத்துப் படிக்கும் ஒரு வகையைப் படித்துப் பார்க்காமலே தள்ளிவிடுவது திறனாய்வாகாது. தவிரவும், இக்கதைகளை அளந்து பார்க்க ஒரு நல்ல அளவுகோல் நம் சிற்றிலக்கியத்திலேயே கிடைக்கிறது என்பது என் கருத்து.

சமயக்கதை ஆங்கிலத்துக்குப் புதியதன்று. 1678இல் வெளிவந்த ஜான் பனியனின் நூலை எச்.ஏ. கிருட்டிண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) வழியாக நாம் அறிவோம். அங்கே மீட்பைத் தேடிச் செல்பவன் மனைவி மக்களை விட்டு ஓடுகிறான். மனைவி புறப்பட்டு வருவது 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான். விசுவாசக் காதற்கதையோ இருவரையும் ஒரே பாதையில், ஒரே காலத்தில் நடத்திச் செல்ல முயல்கிறது. 1947இல் மறைந்த கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் நூறு கதைகளுக்கு மேல் இவ்வகையில் எழுதினார். எனினும் இதனைத் தனிச்சந்தையாக்கியது 1979இல் வெளிவந்த ஜெனட் ஓக்கின் 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' என்பர். பின்னர் வணிகம் விழித்துக்கொண்டது. ஜாண்டர்வன் என்ற சமயப் பதிப்பகத்தை 1988இல் ஹார்ப்பர் நிறுவனம் வாங்கியது. காதற்கதைகளுக்கே பெயர்பெற்ற ஹார்லெக்வின் 1997இல் 'லவ் இன்ஸ்பயர்ட்' வரிசையைத் தொடங்கியது. சந்தைக் கதை இவ்வளவு போதும்.

இவ்வகைக்கு விதிகள் உண்டு. உடலின்பம் திருமணத்துக்கு முன் கூடாது. தகாத சொல் கூடாது. நம்பிக்கையில் வேறுபட்டவரோடு பிணைப்பு வேண்டா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அறிவுரையும் விதியாகிவிடுகிறது. அகத்திணையில் இற்செறிப்பு காதலரைப் பிரிப்பது போல, இங்கே ஒருவருடைய விசுவாசமின்மை பிரிக்கிறது. விதிகளைக் கண்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. முதல், கரு, உரி என்று வகுத்துக்கொண்டு பாடிய மரபினர் நாம். விதிக்குள் உயிர் இருக்கிறதா என்பதே கேள்வி.

இனி அளவுகோலுக்கு வருகிறேன். கோவை நூலில் தலைவர் இருவர். புகழப்படுபவன் பாட்டுடைத் தலைவன், அவனுக்குப் பெயருண்டு. காதலிப்பவன் கிளவித் தலைவன், அவனுக்குப் பெயரில்லை. திருக்கோவையாரின் 400 பாடல்களுக்கும் தில்லைக் கூத்தனே பாட்டுடைத் தலைவன். தினைப்புனத்தருகே நின்று தவிப்பவனோ வேறொருவன். இறைவன் அங்கே ஊராக, மலையாக, உவமையாக நிறைந்திருக்கிறான். காதலனுக்காகத் தூது நடப்பதில்லை. பேரின்பப் பொருள் காணும் உரைகள் வேறு வழி செல்லலாம். பாட்டின் அமைப்பு இதுதான். (ஆண்டாள் வழி வேறு. அங்கே கடவுளே காதலன், பாடுபவளே காதலி.) விசுவாசக் காதற்கதையிலும் தலைவர் இருவர் உள்ளனர். இருவரையும் பிரித்து வைத்திருக்கும்வரை கதை நிற்கிறது. ஒருவர் இடத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளும்போது சரிகிறது.

ஓக்கின் கதை எளியது. மேற்கு நோக்கிய பயணத்தில் கணவனை இழந்த மார்ட்டி கருவுற்றிருக்கிறாள். தாயற்ற சிறுமியை வளர்க்கும் கிளார்க், குழந்தைக்காக ஒப்புக்கு ஒரு திருமணம் செய்துகொள்வோம் என்கிறான். வசந்தத்தில் கிழக்கே செல்லும் வண்டிகளோடு அவள் விரும்பினால் ஊர் திரும்பலாம், வழிச்செலவு தன்னுடையது என்றும் வாக்களிக்கிறான். அவன் உணவுக்கு முன் செபிக்கிறான். அவளை அடைவதற்காக அந்தச் செபத்தை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. திரும்பிச் செல்லும் வழி திறந்தே இருப்பதால்தான் அவள் தங்குவதற்குப் பொருள் உண்டாகிறது. நடையில் பெரிய அழகு இல்லை. அறத்தில் நயம் இருக்கிறது.

பிரான்சின் ரிவர்ஸ் 1991இல் எழுதிய 'ரிடீமிங் லவ்' இதனினும் கடினமான முயற்சி. விவிலியத்தின் ஓசியா நூலில் இறைவன் தீர்க்கதரிசியைப் பரத்தை ஒருத்தியை மணக்கச் சொல்கிறார். அவள் பெயர் கோமேர். அவள் மனம் அங்கே நமக்குத் தெரிவதில்லை. இசுரயேலுக்கு அவள் ஓர் உவமை மட்டுமே. ரிவர்ஸ் அந்த உவமைக்கு மனம் கொடுத்தார். களம் 1850இன் கலிபோர்னியத் தங்கவேட்டை. சிறுமியாக விற்கப்பட்ட ஏஞ்சல் எவரையும் நம்பாதவள். அவளை மணக்கும் உழவன் மைக்கேல் ஹோசியா. அவள் ஓடுகிறாள், அவன் மீட்டு வருகிறான், மீண்டும் ஓடுகிறாள்.

கதையின் ஆபத்து இங்கேதான். பாட்டுடைத் தலைவன் சொன்னான் என்பதற்காகக் கிளவித் தலைவன் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டே வரலாமா? கடவுளின் பொறுமையை உணர்த்த வந்த உவமை, கணவனின் அதிகாரமாக மாறிவிடாதா? இந்தக் கேள்வியை எழுப்பிய பெண் வாசகர் பலர். அவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் நூலின் இறுதிப் பகுதியை அவர்களில் சிலர் போதிய அளவு எண்ணவில்லை என்று கருதுகிறேன். கடைசி முறை அவள் போனபோது மைக்கேல் தேடிப் போவதில்லை. அவள் சான் பிரான்சிஸ்கோவில் தன்னைப் போன்ற பெண்களுக்கு ஒரு புகலிடம் அமைக்கத் துணை நிற்கிறாள், மூன்றாண்டுகள் செல்கின்றன. தானே திரும்பி வரும் நாளில்தான் தன் உண்மைப் பெயரை அவனுக்குச் சொல்கிறாள். அதுவரை அவள் மற்றவர் வைத்த பெயர்களால் வாழ்ந்தவள். உவமையிலிருந்து கோமேர் வெளியே வரும் இடம் அது. ஓசியா நூலில் இல்லாத ஒன்றை ரிவர்ஸ் அங்கே சேர்த்திருக்கிறார்.

அளவுகோலின் மறுபுறத்தைக் காட்டுவது அண்மைய நிகழ்ச்சி ஒன்று. 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கக் குதிரைப்படை லகோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் சுட்டுக் கொன்றது. காரன் விட்மயர் 2020இல் வெளியிட்ட 'அட் லவ்ஸ் கமாண்ட்' அக்களத்தில் தொடங்குகிறது. கதைத் தலைவன் அப்படையின் அதிகாரி. மனம் வருந்துகிறான்; படையை விட்டு விலகுகிறான்; பின்னர் ஒரு பெண் மருத்துவரைக் காதலிக்கிறான். அமெரிக்கக் காதற்கதை எழுத்தாளர் சங்கம் சமயக் கூறுடைய சிறந்த கதைக்கான 2021ஆம் ஆண்டுப் பரிசை இதற்கு அளித்தது. எதிர்ப்புக் கிளம்பியது, சில நாள்களில் பரிசைத் திரும்பப் பெற்றது.

பரிசைப் பறித்தது முறையா என்பது சங்கத்தின் வழக்கு. எனக்குத் தோன்றுவது வேறு. கிறித்தவத்தில் மன்னிப்புக்கு எல்லை இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடவுள் மன்னித்துவிட்டார் என்றவுடன் தலைவன் காதலிக்கத் தகுதி பெற்றுவிடுகிறான். இறந்த லகோட்டாப் பெண்ணுக்கு அந்த உரையாடலில் இடமில்லை. பாட்டுடைத் தலைவன் இங்கே கிளவித் தலைவனுக்கு வழிவிடும் வாயிற்காவலனாகச் சுருங்கிப் போகிறான். பத்திக் கவிதை எழுதும் நம் நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

கேத்தரின் மார்ஷலின் 'கிறிஸ்டி' (1967) இவற்றுக்கெல்லாம் முந்தியது. கிறித்தவப் புதினங்களுக்கு அமெரிக்காவில் வழங்கும் பரிசு ஒன்று அதன் பெயரையே தாங்குகிறது. 1912இல் அப்பலாச்சிய மலையூர்ப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போகும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கதை. அவளை விரும்புவோர் இருவர்: ஒருவர் போதகர், மற்றவர் கடவுளை நம்பாத மருத்துவர். மலைவாழ் தோழி ஃபேர்லைட் குடற்காய்ச்சலில் இறக்கும்போது கிறிஸ்டியின் விசுவாசமே ஆட்டம் காண்கிறது. பின்னர் அதே நோய் அவளையும் பற்றுகிறது. படுக்கையருகே செபிப்பவர் அந்த மருத்துவர்தான். திருமணக் காட்சி இல்லாமலே நூல் முடிகிறது. ஃபேர்லைட் ஏன் இறந்தாள் என்பதற்கும் ஆசிரியர் காரணம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.