பாட்டும் மனுவும்: கொடைக்கானல் பாதரசக் கதை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க சார், குப்பையைப் பத்தி இருந்தா நல்லது" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். குப்பையைப் பற்றி இந்த மேடையில் பலரும் பேசிவிட்டார்கள். நான் ஒரு ராப் பாடகியைப் பற்றிப் பேசுகிறேன். கடைசியில் குப்பைக்கு வந்து சேர்ந்துவிடுவேன், கவலைப்பட வேண்டாம்.

ராப் என்றால் என்ன என்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் கேட்கலாம். 1970களில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராங்க்ஸ் என்ற ஏழை மக்கள் பகுதியில் பிறந்தது. தாளம் பின்னால் ஓட, பேசுவதுபோலச் சொற்களை வேகமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. புலவர் கதையை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போவார், பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். போகிற போக்கில் ஊர்ப் பெரியமனுஷனுக்கும் ஒரு குத்து விழும். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டாக வேண்டும்.

நான் சொல்லவந்த பாடகியின் பெயர் சோபியா அஷ்ரஃப். சென்னையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 2008 வாக்கில், போபால் விஷவாயு விபத்தைப் பற்றிப் பாடித்தான் முதலில் கவனத்துக்கு வந்தார். 1984இல் அந்த விபத்து நடந்த யூனியன் கார்பைடு கம்பெனியை 2001இல் டவ் கெமிக்கல் வாங்கியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் கிடைக்கும்வரை டவ் கம்பெனிக்கு வேலைக்குப் போகாதீர்கள் என்று மாணவர்களைப் பார்த்துக் கேட்கும் பாட்டு அது. பிறகு விளம்பரத் துறையில் வேலை பார்த்தார். 2012இல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'ஜப் தக் ஹை ஜான்' இந்திப் படத்தில் ஒரு பாட்டுக்கு ராப் பாடினார். அந்த வழியிலேயே போயிருந்தால் சினிமாவில் நல்ல வரும்படி இருந்திருக்கும். அவர் மறுபடியும் தொழிற்சாலைக் கழிவு விஷயத்துக்கே வந்தார். இந்தத் தடவை கொடைக்கானல்.

கொடைக்கானலில் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. காய்ச்சல் பார்க்க நாக்கடியில் வைப்போமே, அதுதான். அமெரிக்காவில் மூடிய ஆலையின் இயந்திரங்களை 1980களின் முற்பகுதியில் பாண்ட்ஸ் கம்பெனி இங்கே கொண்டுவந்து நிறுவியது. பின்னர் அது யூனிலீவர் குழுமத்தின் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. வெப்பமானிக்கு வேண்டிய பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும், கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

2001 மார்ச்சில், கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் குவிந்து கிடப்பது வெளியே தெரிந்தது. ஊர்மக்களும் கிரீன்பீஸ் போன்ற அமைப்புகளும் போராட, அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசம் கலந்த கழிவு சுமார் 290 டன் கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

கழிவுக்கு வழி பிறந்தது. அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பிறக்கவில்லை. போதிய பாதுகாப்புக் கருவி இல்லாமல் வேலை வாங்கினார்கள், உடம்பு கெட்டுப்போயிற்று என்று அவர்கள் சொன்னார்கள். கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் வைத்து, மனுப் போட்டு, 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. ஊர் மறந்தும் போனது.

அந்த நிலையில்தான் 2015 ஜூலை 30ஆம் தேதி சோபியாவின் 'கொடைக்கானல் வோன்ட்' வீடியோ யூடியூபில் வந்தது. அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் பிரபலமான மெட்டில், ஆங்கிலத்தில், யூனிலீவரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார். சில நாட்களிலேயே 10 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்லும் நிலை வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவித்தொகை தருவதாக ஒப்பந்தம் கையெழுத்தானது. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றுதான் கம்பெனி சொன்னது.

இதைக் கேட்கிற பிள்ளைகளுக்கு, ஒரு பாட்டுப் போட்டால் காரியம் நடந்துவிடும் என்று தோன்றும். நான் பி.காம். படித்தவன், முப்பது வருஷத்துக்கு மேல் வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு இருந்தவன். எனக்கு வரவைப் பார்த்தால் தேதியையும் பார்க்கத் தோன்றும். பாட்டு வந்து ஒப்பந்தம் வர ஏழெட்டு மாதம். ஆலை மூடி ஒப்பந்தம் வர 15 வருஷம். அந்த 15 வருஷமும் சங்கத்தைக் கலைக்காமல், வாய்தாவுக்கு வாய்தா போய், வேலை பார்த்த ஆதாரத்தையும் மருத்துவச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். அந்தக் கட்டு இல்லாவிட்டால், பாட்டைக் கேட்டு உலகம் திரும்பிப் பார்த்தபோது யாருக்கு எதற்காகக் கொடுப்பது என்றே முடிவாகியிருக்காது. அதேபோலப் பாட்டு இல்லாவிட்டால் அந்தக் கட்டு இன்னும் எத்தனை வருஷம் தூசி படிந்து கிடந்திருக்குமோ! கவுன்டரில் இருந்த காலத்தில் வாடிக்கையாளர்களிடம் நான் அடிக்கடி சொன்ன வார்த்தை, "எதுக்கும் ஒரு நகல் வச்சுக்கோங்க" என்பதுதான்.

சோபியாவிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, பேர் வந்ததும் அவர் விலகிப் போய்விடவில்லை. 2018இல் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம்.கிருஷ்ணாவோடும் அம்ரித் ராவோடும் சேர்ந்து இரண்டாவது வீடியோ வெளியிட்டார். ஆலை இருந்த மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுவரை சுத்தம் செய்தால் போதும் என்று முடிவாகியிருந்தது. பிரிட்டனாக இருந்தால் இதைவிடக் கடுமையான அளவைக் கேட்பீர்களே, எங்களுக்கு மட்டும் ஏன் இது என்பது அந்தப் பாட்டின் கேள்வி.

கொடைக்கானல் மண் தென்காசிக்காரனுக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர்தான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. நமக்கு இங்கே குற்றால மலை, சிற்றாறு. மெயின் அருவியில் விழும் தண்ணீர் நம் குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. மேலே போட்டது கீழே வரும்.

2024 டிசம்பரில் நெல்லைக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது நினைவிருக்கும். குப்பையில் கிடந்த காகிதங்களே அது எந்த ஊர்க் கழிவு என்று காட்டிக்கொடுத்தன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, கேரள அதிகாரிகளே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். அன்றைக்கு நாம் எல்லோரும் கோபப்பட்டோம். நியாயமான கோபம்.

இப்போது குப்பைக்கு வருகிறேன். நம் குடியிருப்பில் பழைய டியூப்லைட்டையும் சுருள் பல்பையும் எங்கே போடுகிறோம்? மற்றக் குப்பையோடு, பல நேரம் உடைத்து. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பழைய வெப்பமானியில் அதைவிடப் பல மடங்கு. காலையில் அந்தப் பையைப் பிரித்துத் தரம் பிரிப்பது நமக்காக வேலைக்கு வரும் அம்மாக்கள், அதுவும் வெறுங்கையால். கொடைக்கானலில் யார் எந்த இடத்தில் நின்றார்களோ, அந்த இடத்தில் நம் வீட்டு வாசலில் அவர்கள் நிற்கிறார்கள். கம்பெனி இருந்த இடத்தில் நாம் இருக்கிறோம்.

மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு மூடிபோட்ட பெட்டி. பழைய டியூப்லைட், பல்பு, வெப்பமானி எல்லாம் உடையாமல், அட்டையில் சுற்றி அதில் சேரட்டும். நிறைந்ததும் எழுத்து மூலமாக நகராட்சியிடம் ஒப்படைப்போம். நகலும் தேதியும் சங்கக் கோப்பில் இருக்கட்டும். இரண்டாவது, வேலைக்கு வரும் அம்மாக்களுக்குத் தடித்த கையுறை, சங்கச் செலவில். மூன்றாவது, வீட்டில் பாதரச வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அது சிதறிப் பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டி அட்டையால் திரட்டி மூடியுள்ள பாட்டிலில் அடைத்து வையுங்கள்.

கோப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், அது எனக்குப் பழகிய வேலை. பாட்டு மட்டும் எனக்கு வராது. பின்வரிசையில் போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாராவது தென்காசித் தமிழில் ஒரு ராப் எழுதினால், அடுத்த கூட்டத்தில் முதல் நிகழ்ச்சியாக வைக்கச் செயலாளரிடம் நானே சொல்கிறேன். எங்களையும் ஒரு குத்து குத்தலாம், கேட்டுக்கொள்வோம்.