யாருக்குப் பணிவது? குடிநோயிலிருந்து மீளுதல் குறித்த சில எண்ணங்கள்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் எம் பணிவான வணக்கம்.

'பணிவான' என்று சொல்லும்போதே யாம் சற்றுத் தயங்குகிறோம். இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளே பணிவுதான். நம் மக்களிடையே அதைப் பேசுவது எளிதன்று. தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டு, காலில் கிடக்கும் செருப்பைக் கையில் எடு என்று தலைமுறை தலைமுறையாக நம்மை அடக்கியதற்கும் பணிவென்றே பெயரிட்டனர். அதை உதறி எழுவதற்காகவே இத்தகைய கழகங்கள் தோன்றின. அங்ஙனமிருக்க, குடியிலிருந்து மீள விரும்புவோர் பணிய வேண்டும், சரணடைய வேண்டும் என்று யாம் சொன்னால், 'யாருக்கு?' என்று நீங்கள் கேட்பது முறையே.

1935ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்க நாட்டின் ஆக்ரன் நகரில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகிறோம். நியூயார்க்கிலிருந்து வணிகக் காரியமாக வந்த பில் வில்சன் என்பவர், வந்த காரியம் தோற்று, விடுதிக் கூடத்தில் தனியே நின்றார். குடியை விட்டு அவருக்கு ஐந்து திங்களே ஆகியிருந்தன. அருகிலிருந்த மதுவறையின் ஆரவாரம் அவரை ஈர்த்தது. அவரோ தொலைபேசியை நாடினார். பாதிரியார் ஒருவரை அழைத்து, தாம் பேசுவதற்கு வேறொரு குடிநோயாளர் வேண்டுமென்று கேட்டார். அறிவுரை கூற ஆள் தேடினார் என்று எண்ணிவிடாதீர்கள். தம்மைக் காத்துக்கொள்ளத் துணை தேடினார்.

அவ்வாறு கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் மட்டுமே தருவதாக வந்தவர் இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். குடியின் கேடு மருத்துவருக்குத் தெரியாதா? தெரியும். அந்த அறிவு அவரைக் காக்கவில்லை. தம்மைப்போல் விழுந்த ஒருவர் தம் வீழ்ச்சியை மறைக்காமல் சொன்னதே அவரை அசைத்தது. பிறகும் அவர் ஒருமுறை வழுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் சூன் 10ஆம் நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமையின் தோற்ற நாளாயிற்று.

1939இல் அவர்கள் வெளியிட்ட நூலில் பன்னிரண்டு படிகள் உள்ளன. மதுவின்முன் தம் ஆற்றல் செல்லாது என ஒப்புக்கொள்வது முதற்படி. கடவுளிடம் தம்மை ஒப்படைப்பது மூன்றாம் படி. அங்கும், அவரவர் அறிந்துகொண்டவாறான கடவுள் என்றே எழுதினர். தொடக்கத்திலேயே அவர்களுள் கடவுள் நம்பிக்கையற்றோரும் இருந்தனர். தோழர் கூட்டத்தையே தம்மினும் பெரிய ஆற்றலாகக் கொண்டு மீண்டோரும் பலர். நம்முள் பௌத்தம் தழுவியோரும், மாதா கோயிலுக்குச் செல்வோரும், அம்மனை வணங்குவோரும், எதையும் வணங்காதோரும் உண்டு. யாருக்கும் இங்குத் தடையில்லை.

எந்த மனிதருக்கும் அங்குப் பணிய வேண்டுவதில்லை. கட்டணம் கிடையாது; ஆளுகின்ற தலைவரும் கிடையாது, தொண்டு செய்வோரே உண்டு. 1954இல் யேல் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் அளிக்க முன்வந்தபோது பில் வில்சன் அதை மறுத்துவிட்டார். பட்டத்திற்காக அல்லும் பகலும் உழைக்கும் நமக்கு இது சற்று வியப்பாகத்தான் இருக்கும்!

இனி எம் வீட்டுக் கதை. எம் தமையனார் கல்லுடைக்கும் தொழிலாளி. அவர் கூலியில்தான் யாம் பி.ஏ., பி.எட். முடித்தோம். அவர் குடித்தார். "நான் நினைத்தால் நாளையே விட்டுவிடுவேன்" என்பார். நான்கு முறை கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டினார். நான்கு முறையும் கயிறு அறுந்தது. கடன் கேட்டு வாசல்தோறும் நின்றவர் அண்ணியார். யாமோ படித்தவர் என்னும் செருக்கில், பலர் முன்னிலையில் தமையனாரை ஏசினோம். அதை நினைத்தால் இன்றும் நாணுகிறோம்.

ஒருநாள் விடியலில் அவர் எம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, "தம்பி, என்னால் முடியவில்லை" என்றார். அதுவரை அவர் வாயில் யாம் கேட்டிராத சொல் அது. சத்தியத்தில் 'நான்' இருந்தது. இச்சொல்லில் அது இல்லை. முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம் என்றார் மருத்துவர். வைராக்கியம் மட்டும் போதுமென்று வீட்டில் அடைத்து வைப்போர் இதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பின்னர், பக்கத்து நகரில் வாரந்தோறும் கூடும் அத்தோழமைக் கூட்டத்திற்கு அவரை அழைத்துச் சென்றோம். குடிநோயாளர் மட்டுமே உள்ளே செல்லலாம் என்றதால், தலைமையாசிரியராகிய யாம் வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தோம். ஊரும் சாதியும் அங்கே கேட்கப்படவில்லை. முழுப் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தேநீர் கொடுத்தனர். பிறகு ஒருவர் குவளைகளையெல்லாம் குழாயடிக்குக் கொண்டுவந்து கழுவினார். அவரை எமக்குத் தெரியும். எம் இளமையில் எம் தந்தையாருக்குச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றிய குடும்பத்தைச் சேர்ந்தவர். தமையனார் குடித்த குவளையும் அவர் கையில் இருந்தது. எம்மைக் கண்டு, "இந்த வாரம் என் முறை, சார்" என்றார்.

தமையனார் குடியைத் தொட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எத்தனை ஆண்டு என்று கேட்டால், "இன்றைக்கு இல்லை" என்று மட்டுமே சொல்லுவார். இதைப் பேச அவரிடம் இசைவு பெற்றே வந்தோம். அக்கூட்டத்திற்கு வர விரும்புவோரும், வீட்டில் ஒருவரை அனுப்ப எண்ணும் தாய்மார்களும் விழா முடிந்தபின் எம்மைத் தனியே காணலாம். பெயர் வெளியில் வாராது.