திருப்பி அனுப்பிய சரக்கும் மிச்சச் சரக்கின் விலையும்



சரக்கிருப்பு மதிப்பீடு என்றதும் ஃபிஃபோவா (முதலில் வந்தது முதலில் போகும் முறை), சராசரியா என்ற வாதம்தான் கிளம்பும். வாங்கிய சரக்கைச் சப்ளையருக்கே திருப்பி அனுப்பும் கொள்முதல் திருப்பத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. முதலாண்டில் ஒரு குறிப்பேட்டுப் பதிவாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வை அதற்கே ஒதுக்கச் சொன்னேன். காரணத்தைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பைப் கடை. முதல் லோடில் 200 ரூபாய் வீதம் 100 பைப், அடுத்த லோடில் 240 வீதம் 100. சராசரி அடக்கம் 220. 150 விற்றாயிற்று, மிச்சம் 50, மதிப்பு 11,000. இரண்டாம் லோடில் 40 பைப் விரிசல் என்று டெபிட் நோட் போட்டுச் சப்ளையருக்கே அனுப்புகிறார் கடைக்காரர். பில் விலைப்படி 9,600 ரூபாயைச் சரக்குக் கணக்கில் கழித்தால், மீதி 10 பைப்புக்கு 1,400. ஒன்று 140! அந்த விலைக்கு அவர் ஒருநாளும் வாங்கியதில்லை. 50-ஐயும் அனுப்பியிருந்தால் இன்னும் வேடிக்கை: குடோன் காலி, ஏட்டில் 1,000 ரூபாய் மைனஸ். முதல் லோடுச் சரக்கில் 40 திரும்பியிருந்தாலோ, மீதியுள்ளது ஒன்று 300 ஆகிவிடும்.

மாத முடிவில் மொத்தமாகச் சராசரி பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே மாதத்தில் நடந்த திருப்பம் கொள்முதலிலேயே கழிந்துவிடும். ஒவ்வொரு வரவுக்கும் சராசரியை மாற்றுகிறவருக்குத்தான் சிக்கல். ஸ்டோர்ஸ் லெட்ஜர் எழுதிய ஆலைகள் அறிந்த இந்தச் சிக்கலை, மென்பொருள் சின்னக் கடைவரை கொண்டுவந்துவிட்டது. இந்தியக் கணக்கியல் தரம் 2 இரு வழிகளையும் அனுமதிக்கிறது. திருப்பத்தை எந்த விலையில் கழிப்பது என்று தனியாகச் சொல்லவில்லை.

என் கட்சி இது. சரக்கைச் சராசரியிலேயே கழியுங்கள்: 8,800. மீதி 10-க்கு 2,200. சப்ளையர் தரும் 9,600-க்கும் இதற்கும் உள்ள 800 வித்தியாசத்தை ‘இதர வருமானம்’ என்று எழுதாமல், விற்ற சரக்கின் அடக்கத்தில் குறையுங்கள். அந்த 40 பைப் வராமலே இருந்திருந்தால் சராசரி 215-தான். விற்ற 150-க்கும் தலா 5 ரூபாய் கூடுதலாக ஏற்றிவிட்டோம், 750 ரூபாய். ஆக, 800-இல் 750 விற்றுப்போன சரக்குக்கு உரியது. எஞ்சிய 50 ரூபாய்க்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒரு பைப்கூட விற்காத நிலையில் என் வாதம் நிற்காது. அப்போது பில் விலையில் கழிப்பதே சரி. சராசரி தானாக 215-க்கு வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கோட்டை எங்கே போடுவது என்பதில் எனக்கும் இங்குள்ள சிலருக்கும் ஒத்துவராது. அவர்கள் பேசட்டும்.

சரக்கு வந்த லாரி வாடகையையும் சொல்லவேண்டும். பெரும்பாலும் சப்ளையர் அதைத் தரமாட்டார். திரும்பிப் போன சரக்கின் பங்கு வாடகையை மிச்சச் சரக்கின் தலையில் கட்டாமல் செலவில் எழுத வேண்டும். ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி எடுத்தவருக்கு அந்த வரி அடக்கத்திலேயே சேராது. அங்கே நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல்: திருப்பி அனுப்ப மார்ச் 31 மாலை லாரி ஏறிய சரக்கு. சப்ளையரின் கிரெடிட் நோட் வருவதோ மே மாதம். ஆண்டு முடிவில் அது யாருடைய இருப்பு? அவர் ஏற்க மறுத்தால்? முதல் கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.