ஆங்கிலச் சொல்லும் நம் நாவும்

கொச்சியில் மட்டாஞ்சேரி என்னும் பகுதி பன்மொழி பயிலும் இடம். மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழ், உருது ஆகியனவும் அங்கே அடுத்தடுத்த தெருக்களில் கேட்கும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக, வாணிகத்துக்கு வேண்டிய அளவு ஆங்கிலமும் வழங்கும். ஆங்கிலச் சொல் ஒன்றைப் பிழையாக ஒலித்தாலோ, பொருள் மாற்றி ஆண்டாலோ, பேசுவோரைப் பற்றிக் கேட்போர் என்ன முடிவு கட்டுகின்றனர்? இதனை ஆராய்வதற்கு அவ்வூரைவிடத் தக்க இடம் வேறு இல்லை எனலாம்.

யூதர் தெருவை அடுத்த கிடங்கொன்றில் மிளகின் விலை கேட்டு ஒருநாள் நின்றேன். "கார்பிள்டு இவ்வளவு, அன்கார்பிள்டு இவ்வளவு" என்றார் வாணிகர். உடன் வந்திருந்த பட்டதாரி இளைஞர் முறுவலித்தார். வெளியே வந்ததும், "ஐயா, அச்சொல்லுக்குக் குழம்பியது, சிதைந்தது என்றல்லவோ பொருள்? குழம்பிய மிளகுக்கா கூடுதல் விலை?" என்று கேட்டார்.

இளைஞர் கற்ற பொருள் பிழையன்று. ஆனால் வாணிகர் சொன்ன பொருளே பழையது. சல்லடையால் சலித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல் ஒன்று, மத்தியதரைக் கடல் வணிகர் வாயிலாக ஆங்கிலத்தை அடைந்தது. சரக்கிலுள்ள தூசு, காம்பு, பதர் முதலியவற்றை நீக்கித் தூய்மை செய்வதையே அது முதலிற் குறித்தது. இலண்டன் மாநகரில் நறுமணச் சரக்குகளைச் சோதித்துத் தூய்மை செய்விக்க ஓர் அலுவலர் இருந்தார். அவர் பதவியின் பெயரும் இச்சொல்லிலிருந்து பிறந்ததே. பிற்காலத்தில், ஒருவர் கூற்றில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துத் திரித்தல் என்ற பொருள் கிளைத்தது. அதிலிருந்து குழப்பம் என்ற பொருள் வந்தது. இலண்டன் மறந்த பொருளை மட்டாஞ்சேரி காத்து வருகிறது. 'மலபார் கார்பிள்டு' என்பது ஏற்றுமதி மிளகின் தரப் பெயர். தலச்சேரி மிளகில் 'எக்ஸ்ட்ரா போல்டு' என்றொரு தரமும் உண்டு. மிகுந்த துணிவுள்ள மிளகு என்று யாரும் கருத வேண்டா. பருத்த மணி என்பதே கருத்து.

அந்த முறுவலைத்தான் நான் இங்கே சிந்திக்க விரும்புகிறேன். கிடங்கில் அதனால் யாதொரு கேடும் இல்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வில் அவ்வாறன்று. கணக்கில் வல்ல இளைஞன் ஒருவன் 'ஜீரோ' என்பதைச் 'சீரோ' என்று சொல்லிவிடுகிறான். எதிரே அமர்ந்திருப்பவர் உதட்டோரம் முறுவல் தோன்றுகிறது. அதன்பின் அவன் கூறும் நல்ல விடைகள் அவர் செவியில் முழுமையாக ஏறுவதில்லை. ஓர் எழுத்தொலி, பல்லாண்டுக் கல்வியை மறைத்துவிடுகிறது.

நம் நா அவ்வாறு ஒலிப்பது கல்லாமையால் அன்று. எந்த எழுத்து மொழிக்கு முதலில் வரலாம், எது வரலாகாது என்று தொல்காப்பியம் வரையறுத்தது. வடசொற்களையும் அயல் எழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வழங்க வேண்டும் என்றது. இலட்சுமணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் கம்பர் பாடியபோது, அவருக்கு வடமொழி வராது என்று யாரும் சிரிக்கவில்லை. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்னும் பாட்டியும் அம்மரபினளே. ஸ்பெயின் நாட்டாரும் பள்ளியைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லின் முன் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து 'எஸ்குவேலா' என்றே வழங்குகின்றனர். போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' மலையாளத்தில் 'லேலம்' ஆயிற்று. தமிழிலோ முதல் எழுத்தையும் இழந்து 'ஏலம்' ஆயிற்று. ஏலத்தையே ஏலம் விடும் நாட்டில் இது சிறிது வேடிக்கைதான்.

மறுபுறமும் பார்க்க வேண்டும் அன்றோ? 1500-இல் போர்த்துக்கீசியரும், 1663-இல் டச்சுக்காரரும், 1795-இல் ஆங்கிலேயரும் கொச்சியில் கால் வைத்தனர். கயிறு அவர்கள் வாயில் 'காயர்' ஆயிற்று; சக்கை 'ஜாக்' ஆயிற்று; தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆயிற்று. கொச்சியே 'கொச்சின்' ஆகி, 1996-இல்தான் தன் பெயரை அலுவல் முறையில் மீளப் பெற்றது. பொருளையும் அவர்கள் மாற்றாமல் இல்லை. 'பெப்பர்' என்பது பிப்பலி என்னும் சொல்லின் வழிவந்தது. திப்பிலியின் பெயரை மிளகுக்குச் சூட்டிவிட்டனர் மேனாட்டார். மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆகி, இறைச்சியும் உடன் சேர்ந்தது. இவர்களைக் கல்லாதவர் என்று யார் சொன்னார்? யூல், பர்னல் என்னும் இருவர் இத்தகைய சொற்களைத் தொகுத்த பேரகராதியே 1886-இல் வெளிவந்தது. அதன் பெயர் 'ஹாப்சன் ஜாப்சன்'. மொகரத்தின்போது எழும் "யா ஹசன், யா ஹுசைன்" என்னும் முழக்கம் வெள்ளைச் சிப்பாய்களின் வாயில் பட்ட பாடு அது!

ஆங்கிலேயர்க்குள்ளும் இத்தொல்லை உண்டு. பி.பி.சி. 1926-இல் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைமையில் உச்சரிப்பு ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. அதில் இருந்த பெர்னார்ட் ஷா அயர்லாந்தில் பிறந்தவர். 1941-இல் வில்பிரட் பிக்கில்ஸ் என்பார் யார்க்‌ஷயர் ஒலியோடு செய்தி வாசித்தபோது பலர் முகஞ்சுளித்தனர். செய்தி அதே செய்திதான்.

ஆகவே, ஒலியிலுள்ள தாய்மொழிச் சாயலை நான் குற்றமாகக் கொள்ளேன். பொருள் பிறழ்வது வேறு. அங்கே நான் இரக்கம் காட்டுவதற்கில்லை. ஐயம் என்னும் தமிழ்ச்சொல் தெரியாததைக் கேட்பதற்கும் ஆகும், நம்பாமைக்கும் ஆகும். ஆங்கிலத்தில் 'டவுட்' என்பது பெரிதும் நம்பாமையையே சுட்டும். "தங்கள் வங்கிக் கடிதத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு டவுட்" என்று அயல்நாட்டு வாணிகருக்கு எழுதினால், தம் நேர்மையையே ஐயுறுகின்றனர் என்று அவர் எண்ணக்கூடும். விளக்கம் கேட்கப்போய்ப் பகை தேடிக்கொள்கிறோம். கேள்வி என்று பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல்லை எழுதியிருந்தால் போதும்.

எண்களிலும் இடர் உண்டு. 'பிப்டீன்' என்பதற்கும் 'பிப்டி' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலேயர் பெரும்பாலும் எந்த அசையை அழுத்திச் சொல்கிறார் என்பதாலேயே அறிகின்றனர். அவ்வழுத்தம் நம் மொழிகளில் இல்லை. தொலைபேசியில் பதினைந்து டன் ஐம்பது டன்னாகக் கேட்டுவிட்டால், அது முறுவலோடு நிற்காது. ஆதலால் விழிப்புள்ள வாணிகர், எண்ணைச் சொன்னவுடன், 'ஒன், பைவ்' என்று இலக்கங்களைத் தனித்தனியே சொல்லி, எதிர்முனையிலிருப்பவரும் திருப்பிச் சொன்ன பின்னரே தொலைபேசியை வைப்பார்.