கைப்பேசிப் போர்க்களத்தில் உயிர் தப்பும் வழி

இன்று நாம் பேசப் போவது ஒரு விளையாட்டைப் பற்றி. அதுவும் துப்பாக்கி விளையாட்டு. வானொலியில் பேசுவதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று பெரியவர்கள் கேட்கலாம். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை, கேமரன் மலைத் தோட்டங்களில் மழை பிடித்துக் கொண்ட மாலை நேரங்களில், நம் பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். திடீரென்று ஒருவன், "எல்லாம் போச்சு!" என்று தலையில் கை வைத்துக் கொள்கிறான். போனது என்ன என்று வீட்டில் யாருக்கும் விளங்குவதில்லை. விளங்காததால் ஏச்சு விழுகிறது. ஏச்சு விழுவதால் அவன் மறைவாகப் போய் ஆடுகிறான். ஆகவே, புதிதாக ஆட வருகிற இளைஞர்களுக்கும், பக்கத்திலிருந்து பார்க்கிற தாய் தகப்பனுக்கும் சேர்த்தே இதைச் சொல்லலாம் என்று நினைத்தோம்.

இந்த வகை ஆட்டத்துக்கு எக்ஸ்ட்ராக்சன் ஷூட்டர் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் சங்கதி எளிதானதுதான். தாப்பா சாலையோரத்தில் ஒராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் காட்டுத் தேனும் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். காட்டுக்குள் ஒருவர் எவ்வளவு பெத்தாய் பறித்தார் என்பது கணக்கல்ல. சாலை வரைக்கும் கொண்டு வந்து சேர்த்ததுதான் கணக்கு. வழியில் ஆற்றில் விழுந்த கட்டுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். இந்த ஆட்டமும் அப்படித்தான். துப்பாக்கி, கவசம், மருந்து, முதுகுப்பை எல்லாம் நீங்கள் எடுத்துக் கொண்டு ஒரு களத்துக்குள் இறங்குகிறீர்கள். அங்கே பெட்டிகளிலும் அலமாரிகளிலும் பொருள் கிடக்கிறது. உங்களைப் போலவே வேறு ஊர்களிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் ஆட்கள் அதே நேரத்தில் அங்கே இறங்கியிருக்கிறார்கள். கணினியே நடத்துகிற காவல்காரர்களும் உண்டு. குறித்த நேரத்துக்குள் வெளியேறும் இடத்துக்கு உயிரோடு வந்து சேர்ந்தால், எடுத்தது எல்லாம் உங்களுக்கு. நடுவில் செத்தால், எடுத்ததும் போயிற்று, கொண்டு போனதும் போயிற்று. மற்ற பல துப்பாக்கி ஆட்டங்களில் செத்தவன் மறு நிமிடம் எழுந்து நிற்பான். இதில் வெறுங்கையோடு வீடு திரும்புவான். "எல்லாம் போச்சு" என்ற கூச்சலுக்கு இதுதான் காரணம்.

2016-இல் வந்த தி டிவிஷன் என்ற ஆட்டத்தில் இதன் சாயல் ஒரு பகுதியாக இருந்தது. 2017-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்று, எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ் என்ற ஆட்டத்தைச் சோதனைப் பதிப்பாக வெளியிட்டது. இந்த வகைக்கு முழு உருவம் கொடுத்தது அதுதான். அதற்குக் கணினி வேண்டும். நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தவை, பப்ஜி மொபைலில் 2020-இல் சேர்த்த மெட்ரோ ராயல் பகுதியும், 2023-இல் உலகெங்கும் வெளியான அரீனா பிரேக்அவுட்டும். சுவீடன் நாட்டின் ஆர்க் ரெய்டர்ஸ் 2025-இல் வந்தது. பெயர்கள் மாறினாலும் விதி ஒன்றே.

புதியவர்கள் முதலில் செய்வது, பொருள் எங்கே அதிகம் கிடைக்கும் என்று தேடுவது. அது இரண்டாவது பாடம். முதல் பாடம், வெளியேறும் இடம் எங்கே என்பது. டார்கோவில் கஸ்டம்ஸ் என்று ஒரு களம் உண்டு. ஒரு கோடியில் இறங்கினால், வெளியேறும் இடம் பெரும்பாலும் மறு கோடியில் இருக்கும். நடுவில் ஆறு ஓடுகிறது. பழைய தங்கும் விடுதிக் கட்டடங்கள் நிற்கின்றன. நல்ல பொருளைத் தேடி எல்லோரும் அந்த விடுதிக்குத்தான் ஓடுவார்கள், அங்கேதான் பாதிப் பேர் விழுவார்கள். வழி தெரிந்தவன் ஓரத்து வேலியை ஒட்டி மெல்ல நடந்து, கிடைத்ததைப் பொறுக்கிக் கொண்டு மறு கோடிக்குப் போய்ச் சேருவான். 40 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நேரம் தீர்ந்த பின்னும் உள்ளே இருப்பவன், குண்டு படாவிட்டாலும் காணாமல் போனவனாகவே கணக்கிடப்படுவான். பொருள் எதுவும் திரும்பாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா வாயிலும் எல்லோருக்கும் திறந்திருக்காது. நீங்கள் இறங்கிய இடத்தைப் பொறுத்து உங்களுக்கு எது என்று மாறும். சில வாயிலில் காசு கட்ட வேண்டும். சில வாயில் சில வேளைகளில்தான் திறக்கும். ஆகவே களத்தில் கால் வைத்தவுடன் உங்களுக்குரிய வாயில்களைப் பட்டியலில் பாருங்கள், இரண்டையாவது மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வைத்திருப்பது எதற்காக? மலைக்காட்டில் பத்தடி தள்ளி நின்றால் வந்த பாதை கண்ணுக்குத் தெரியாது. தாய்லாந்துப் பட்டுத் தொழிலில் பேர் போன அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், தானா ராத்தாவுக்கு அருகே தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியே சென்றார். திரும்பி வரவேயில்லை. போலீசாரும் இராணுவத்தாரும் ஒராங் அஸ்லி வழிகாட்டிகளும் காட்டைச் சலித்துப் பார்த்தும் ஒரு தடயம் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை மர்மம்தான். ஆனால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மலைவாசிகளுக்கு, வரும் வழியைப் பார்க்காமல் போகாதே என்பதைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, எதை எடுத்துப் போவது? இழந்தால் மனம் வலிக்காததை எடுத்துப் போங்கள். புதியவர்களிடம் இரண்டு விதக் கோளாறு உண்டு. சிலர் இருப்பதிலேயே விலை உயர்ந்ததைப் பூட்டிக் கொண்டு போய் ஐந்து நிமிடத்தில் பறி கொடுப்பார்கள். வேறு சிலர் நல்ல துப்பாக்கியைப் பெட்டகத்திலேயே வைத்துக் கட்டிக் காப்பார்கள், கல்யாணப் பட்டுப் புடவை மாதிரி. டார்கோவில் பல ஆண்டுகளாகச் சில மாதங்களுக்கு ஒரு முறை எல்லாருடைய சேமிப்பையும் அழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வைத்தார்கள். கட்டிக் காத்தவர்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. நடுத்தரமான ஒரு துப்பாக்கி, ஒரு மேற்கவசம், கட்டுத் துணி, வலி மருந்து, ஒரு பை. இவ்வளவு போதும். துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாலும் தோட்டாவில் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான தோட்டா கெட்டியான கவசத்தில் பட்டால் துளைக்காது.

காசில்லாமல் பழகவும் வழி இருக்கிறது. டார்கோவில் ஸ்கேவ் என்ற வேடத்தில் இறங்கலாம். ஆட்டமே ஏதோ ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்து அனுப்பும். செத்தால் உங்களுக்கு நட்டமில்லை, தப்பி வந்தால் கொண்டு வந்தது உங்களுடையது. அரீனா பிரேக்அவுட்டிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. முதல் ஒரு வாரம் இப்படியே ஆடி, ஒரே ஒரு களத்தின் வழிகளை மட்டும் மனப்பாடம் செய்வது நல்லது. பத்துக் களத்தையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவனுக்கு ஒன்றும் பிடிபடாது. சாகும்போது பறிபோகாத சிறிய பாதுகாப்புப் பெட்டி ஒன்றும் உங்களிடம் இருக்கும். இடத்தை அடைக்காத, விலை அதிகமான பொருளை உடனுக்குடன் அதில் போட்டு வையுங்கள்.

காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடுபனி இறங்கிய காலையில் தேயிலைச் சரிவில் எதிரே வருபவரின் முகம் தெரியாது, பூட்சுச் சத்தம்தான் முதலில் வரும். இந்த ஆட்டத்திலும் கண்ணை விடக் காதுதான் முந்தும். தகரத்தில் மிதித்தால் ஒரு சத்தம், மரப் பலகையில் ஒரு சத்தம், புதரில் நுழைந்தால் சலசலப்பு. ஓடினால் தூரத்திலேயே கேட்கும். குனிந்து மெல்ல நடந்தால் கேட்காது. ஆகவே காதில் மாட்டும் ஒலிபெருக்கி இல்லாமல் ஆடாதீர்கள். பத்து அடி ஓடினால் சற்று நின்று கேளுங்கள். ஒரு வேட்டுச் சத்தம் கேட்டால், அங்கே ஓடுவதா விலகுவதா என்று யோசியுங்கள். புதியவர் விலகுவதே மேல்.

சரி, சண்டை வந்துவிட்டது, எதிரியும் விழுந்துவிட்டான் என்று வைத்துக் கொள்வோம். உடனே அவன் பையைத் திறக்கத் தோன்றும். திறக்காதீர்கள்! முதலில் மறைவுக்குப் போங்கள். துப்பாக்கியில் தோட்டாவை நிரப்புங்கள். இரத்தம் வடிந்தால் கட்டுப் போடுங்கள். இந்த ஆட்டங்களில் கை, கால், வயிறு என்று தனித்தனியே காயம் கணக்கிடுவார்கள். கட்டுப் போடாத காயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆளைக் கொன்றுவிடும். அவனுக்கு ஒரு கூட்டாளி இருப்பான் என்றே எண்ணிக் கொள்ளுங்கள். அரை நிமிடம் காத்திருந்து, ஒரு சத்தமும் இல்லையென்றால் அப்புறம் போய்ப் பாருங்கள். பையில் கைவிட்டுத் துழாவிக் கொண்டிருப்பவனைச் சுடுவது மிகவும் சுலபம்.

இப்போது பை பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. மனம் என்ன சொல்லும் தெரியுமா? "இன்னும் ஒரு அறை, அந்த மூலையில் ஒரே ஒரு பெட்டி." எங்கள் கணிப்பில், எதிரியின் குண்டை விட இந்த ஒரே ஒரு பெட்டிதான் புதியவர்களை அதிகம் கொன்றிருக்கிறது. பை கனத்தால் ஓட்டம் குறையும், மூச்சு வாங்கும், தப்புவது கடினம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சரிவில் இறங்கிய பாட்டிமார்களைக் கேளுங்கள், நிறைந்த கூடைக்கு மேல் ஒரு பிடி சேர்த்தால் கால் என்ன பாடுபடும் என்று சொல்வார்கள். போகும் முன்பே ஓர் எல்லை வைத்துக் கொள்ளுங்கள். இன்ன அளவு கிடைத்தால் திரும்பி விடுவேன் என்று. எல்லை வந்ததும் திரும்புங்கள்.

வாயிலை நெருங்கியதும் வெற்றி என்று பாயக்கூடாது. பிறர் பாடுபட்டுச் சுமந்து வருவதை வாசலில் பதுங்கியிருந்து பறிப்பவர்கள் உண்டு. அது விதிக்கு உட்பட்டதுதான் என்றாலும் நமக்குப் பிடித்தமான வேலையல்ல. தூரத்தில் படுத்துச் சற்று நேரம் பாருங்கள். வாயிலில் சில வினாடிகள் நின்றால்தான் வெளியே விடுவார்கள். அந்த வினாடிகளில் சுவரை ஒட்டி நில்லுங்கள்.

முன்பின் தெரியாதவர் ஒலிவாங்கியில், "சுடாதே, நண்பா, சேர்ந்து போவோம்" என்று கூப்பிடலாம். உண்மையாகவே துணைக்கு வருபவரும் இருக்கிறார்கள், முதுகில் சுடுபவரும் இருக்கிறார்கள். ஆட்டத்துக்குள் ஏமாந்தால் ஒரு பைதான் போகும். ஆனால் அப்படிப் பழகியவர் கைப்பேசி எண்ணையோ, வீட்டு முகவரியையோ, படத்தையோ கேட்டால் கொடுக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் ஆடும் ஆட்டமல்ல இது. ஆட்டத்தை இறக்கும் இடத்திலேயே வயது எல்லை போட்டிருக்கும். பெற்றோர் அதைப் பார்க்க வேண்டும்.

மலையில் வாழும் நமக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஒரு வளைவில் அலைத் தொடர்பு நன்றாக இருக்கும், அடுத்த வளைவில் அறவே இருக்காது. களத்தின் நடுவே தொடர்பு அறுந்தால் உங்கள் ஆள் மரம் போல நின்று கொண்டிருப்பான், வருகிறவர் போகிறவர் எல்லாம் சுடலாம். இடி மழை நாளில் விலை உயர்ந்த கவசத்தோடு இறங்காதீர்கள். மின்கலம் பாதிக்குக் கீழே இருந்தாலும் இறங்காதீர்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். ஆட்டம் இலவசமாகக் கிடைக்கும். உள்ளே போனால் பெரிய பாதுகாப்புப் பெட்டிக்கு இத்தனை வெள்ளி, புது உடைக்கு இத்தனை வெள்ளி என்று கேட்கும். தோற்ற கோபத்தில் இருக்கும்போதுதான் வாங்கத் தோன்றும். தாயாரின் கைப்பேசியில் வங்கிக் கணக்கு இணைந்திருந்தால், கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி அமைத்து வையுங்கள். ஆட்டத்துக் காசை மலிவாகத் தருகிறோம், சுவருக்குப் பின்னாலும் எதிரி தெரியும் மென்பொருள் தருகிறோம் என்று வருபவர்களை நம்பாதீர்கள். பணத்தை வாங்கிக் கொண்டு மறைந்து போகலாம், கைப்பேசியின் இரகசியங்களைத் திருடலாம். மோசடி மென்பொருள் வைத்திருப்பவர்களை ஆட்ட நிறுவனமே நிரந்தரமாக விலக்கிவிடும். பெற்றோர் மாதச் சம்பளத்தில் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால், பெரும்பாலான பிள்ளைகள் கேட்டுக் கொள்வார்கள்.

ஆட்டம் ஓயாமல் ஒருவனைப் பிடித்துக் கொண்டால், அதற்கும் மருத்துவத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 சனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாள் இரவு விழித்து ஆடியதை அது குறிக்காது. படிப்பு, வேலை, உறவு எல்லாம் கெடுவது தெரிந்தும் விட முடியாமல், பொதுவாக ஓராண்டளவு நீடிப்பதைத்தான் குறிக்கும். அப்படித் தோன்றினால் அடிப்பதில் பயனில்லை, மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. இறங்கியவன் அரை மணி நேரத்துக்கு எழுந்து வர மாட்டான். ஆகையால் தம்பிமார்களே, தங்கைமார்களே, களத்தில் இறங்குவதற்கு முன் அடுப்பங்கரைப் பக்கம் போய், சாப்பாடு எத்தனை மணிக்கு, கடைக்குப் போக வேண்டியது ஏதாவது உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.