முருங்கைக்கு ஆண்பால் தந்த மொழி
(இரெட்டியார்சத்திரத் தமிழன்பர் கூட்ட உரை)

 

முருங்கை, இவ் வட்டாரத்து உழவர் நன்கறிந்த மரம். அதன் தமிழ்ப் பெயரே கடல் கடந்து ‘மொரிங்கா’ ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் அதனை ‘லெ மொரிங்கா’ என்பர். அங்கே அஃது ஆண்பால். தென்மொழிகளின் மாங்காய், பிரெஞ்சில் ‘லா மாங்க்’, அது பெண்பால். கட்டுமரமோ ‘லெ கத்தமரான்’, மீண்டும் ஆண்பால். தமிழில் ஒன்றன்பாலாய் நின்ற மூன்றும் அங்கே வெவ்வேறு பால் ஏற்றது எங்ஙனம்?

பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொற்களும் ஆண்பால், பெண்பால் என்னும் இரண்டில் அடங்கும். பெயரின் முன் நிற்கும் சிறுசொல் அப் பாலைக் காட்டும். அதனை முன்சொல் எனலாம். குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டுங்கால் ஆண்பாலுக்கு ‘லெ’, பெண்பாலுக்கு ‘லா’. பொதுவாக ‘ஒரு’ என்னும் பொருளில் ‘அன்’, ‘யூன்’. பன்மையில் இருபாற்கும் ‘லே’, ‘தே’ என்பனவே வரும்.

உயிரொலி முன் ‘லெ’, ‘லா’ என்பவற்றின் ஈற்றுயிர் கெடும். பள்ளியைக் குறிக்கும் ‘எக்கோல்’, ‘லா’ உடன் சேர்ந்து ‘லெக்கோல்’ ஆகும். நாடு + இது = நாடிது எனக் குற்றியலுகரம் கெடுதலை அறிந்த தமிழ் மாணவனுக்கு இது புதுமையன்று.

பெயரடையும் பாலுக்கேற்பத் திரியும். சிறு நூல் ‘அன் பெத்தி லீவ்ர்’. சிறு கதவு ‘யூன் பெத்தித் போர்த்’. பால் பிறழின் பொருளும் பிறழும்: ‘லெ லீவ்ர்’ நூல், ‘லா லீவ்ர்’ ஓர் எடையளவு. ஆதலால் தொடக்க மாணவர் சொல்லைத் தனியே கற்றல் கூடாது. முன்சொல்லோடு சேர்த்தே மனத்திற் பதித்தல் வேண்டும்.

நூல் ஆணாவதற்கும் கதவு பெண்ணாவதற்கும் பொருளளவில் கரணியம் யாது? இல்லை. காவல் நிற்பவன் ஆடவனேயாயினும் ‘சான்தினெல்’ என்னும் சொல் பெண்பாலே. கதிரவன் பிரெஞ்சில் ஆண், செருமனியில் பெண். நிலவோ அவ் விருமொழிகளிலும் இதற்கு நேர்மாறு.

தமிழோ பொருள் நோக்கிப் பால் வகுத்த மொழி. உயர்திணை, அஃறிணை என இருதிணையும் அவற்றுள் ஐம்பாலும் தொல்காப்பியர் உரைத்தார். ‘வருகிறான்’, ‘வருகிறாள்’, ‘வருகிறது’ என வினைமுற்றே பால் காட்டும். பிரெஞ்சில் அவன் வரினும் அவள் வரினும் ‘வியான்’ என்பதே வினை. இதனால் பிரெஞ்சு தாழ்ந்ததென்பதன்று. ஒவ்வொரு மொழிக்கும் தன்னெறி உண்டென்பதே கருத்து.

அந் நெறியைப் பிரெஞ்சுக்காரர் காக்கும் முறை காண்க. 1635-இல் மொழிக்கழகம் கண்டனர். 1955-இல் கணிப்பொறிக்கு ஆங்கிலப் பெயரை ஏலாது, ‘ஒர்தினாத்தர்’ எனத் தம் சொல் ஆக்கி ஆண்பாலும் வழங்கினர். 1994-இல் விளம்பரத்திலும் பணி ஒப்பந்தத்திலும் தம் மொழி கட்டாயமெனச் சட்டஞ் செய்தனர். வடசொல் வரின் வடவெழுத்து நீங்கி வருக என்ற தொல்காப்பியர் நெறியும் இத்தகையதே. வந்த சொல் வீட்டு ஒழுங்கிற்கு அடங்குதல் வேண்டும். வீடு அதற்கு அடங்குதல் தகாது.

தமிழ்நாட்டிலோ, 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கிய பின்னரும், மேனிலை வகுப்பில் மதிப்பெண் மிகுமென எண்ணித் தமிழை விடுத்துப் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுப்போர் உளர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியிலேயே தமிழாசிரியராய் விளங்கினார் பாவேந்தர் பாரதிதாசன். அவ் வாட்சியிலும் தமிழ் வகுப்பறையில் நின்றது. தமிழர் ஆட்சியில் அது வெளியேறலாமா?

பிரெஞ்சு கற்க, நன்கு கற்க. தமிழோடு கற்க, தமிழுக்கு மாற்றாகக் கற்றல் வேண்டா. ‘லெ’, ‘லா’ பிழையாதிருக்க விழையும் மாணவன், ‘அவை வந்தது’ என்றெழுதும் தன் பிழைக்கு முதலில் நாணுக! தன் மொழியின் ஐம்பால் அறிந்தவனுக்குப் பிறமொழியின் இருபால் அரிதன்று.

வெல்க தமிழ்!